மூன்று உடன்பிறப்புகளும் ஓர் அரியணையும்



தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பது நம் பழமொழி. ஆனால் தம்பிகளின் படைக்கே அஞ்சி வாழ்ந்த ஒரு மன்னரைப் பற்றி இன்று நாம் காண்போம். அவர் ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள சுவீடன் நாட்டை 1290 முதல் 1318 வரை ஆண்ட பிர்யர் மன்னர்.

அவருடைய தந்தை மாக்னஸ் என்பவர். பிரபுக்கள் குடியானவர்களிடம் இலவசமாகத் தீனி கேட்பதைத் தடுத்ததால், 'களஞ்சியப் பூட்டு' என்னும் பட்டப்பெயரை அவர் பெற்றதாகக் கூறுவார்கள். ஆயினும் அவரே 1275ஆம் ஆண்டில் தம் அண்ணன் வால்டெமாரை வீழ்த்தி அரியணை ஏறியவர்தாம். சுவீடனில் மூத்த மகனுக்கே முடி என்ற உறுதியான விதி அப்பொழுது இல்லை. அரச குடும்பத்தாருள் ஒருவரை நாட்டுப் பெருமக்கள் கூடித் தேர்ந்தெடுப்பார்கள். ஆகவே மன்னர் வீட்டில் பிறந்த ஒவ்வொருவருக்கும் ஆசை எழ இடமிருந்தது.

தந்தை இறந்தபோது பிர்யருக்கு வயது ஏறத்தாழப் பத்து. தம்பியர் எரிக், வால்டெமார் ஆகிய இருவரும் கோமகன்கள் ஆயினர். பின்னர் இந்த அரச குடும்பத்தினர் அண்டை நாடுகளோடு சம்பந்தம் செய்துகொண்டனர். நம்மவர் 'பெண் கொடுத்துப் பெண் எடுப்பது' என்கிறோமே, அதுவேதான். பிர்யர் டென்மார்க் மன்னரின் தங்கையை மணந்தார். தம் சகோதரியை அந்த மன்னருக்கே கொடுத்தார். தம்பியரோ 1312இல் நார்வே நாட்டுப் பெண்களை மணந்தனர். எரிக் நார்வே மன்னரின் மகளையும், வால்டெமார் அம்மன்னருடைய அண்ணன் மகளையும் கைப்பிடித்தார்கள். இருவர் பெயரும் இங்கெபோர்க் என்பதே.

இந்த உறவுகள் பகையைத் தணித்தனவா? இல்லை. 1306ஆம் ஆண்டிலேயே, ஹோத்துனா என்னுமிடத்தில் விருந்தாளிகளாக வந்த தம்பியர் அண்ணனைச் சிறைப்பிடித்தனர். மைத்துனரான டென்மார்க் மன்னர் தலையிட்டார். பிர்யர் விடுதலை பெற்றார். 1310இல் நாடு பங்கிடப்பட்டது. ஆனால் மனத்தாங்கல் மறையவில்லை.

1317 டிசம்பர் 10ஆம் நாள், நீஷோப்பிங் கோட்டையில் அண்ணன் தம்பியருக்கு விருந்து வைத்தார். விருந்துண்டு உறங்கியவர்கள் அன்றிரவே விலங்கிடப்பட்டனர். அடுத்த மாதம் சிறையிலிருந்தபடியே உயில் எழுதினர். 1318இல் இருவரும் இறந்தனர். பட்டினியால் மாண்டனர் என்றும், சிறைச் சாவியை மன்னர் ஆற்றில் எறிந்துவிட்டார் என்றும் அந்நாட்டில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

பிறகு நடந்தது என்ன? கைம்பெண்களான இரண்டு இங்கெபோர்க்குகளும் தத்தம் கணவரின் ஆட்களுக்குத் தலைமை ஏற்றனர். பிர்யர் டென்மார்க்குக்கு ஓடி, 1321இல் அங்கேயே இறந்தார். அவருடைய இளம் மகன் 1320இல் ஸ்டாக்ஹோமில் கொல்லப்பட்டான்.

1319இல், எரிக்கின் மூன்று வயது மகன் மாக்னஸ் மன்னனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டான். அதே ஆண்டில் தாய்வழிப் பாட்டனார் மறையவே, நார்வேயின் முடியும் அவனுக்கே வந்தது. தந்தை வழியில் ஒரு நாடு, தாய் வழியில் ஒரு நாடு!

அந்தப் பிள்ளை வளர்ந்து செய்த இரண்டு செயல்களை நாம் நினைவில் வைப்போம். கிறித்தவப் பெற்றோருக்குப் பிறந்த எவரும் அடிமையாகார் என 1335இல் தம் நாட்டின் சில பகுதிகளுக்கு ஆணையிட்டார். 1350ஐ ஒட்டி, நாட்டுப்புறம் முழுமைக்கும் ஒரே சட்டம் எழுதச் செய்தார். மன்னரை எவ்வாறு தேர்வது, அவர் மக்களுக்கு என்ன உறுதிமொழி அளிப்பது என்பதும் அதில் எழுதப்பட்டது.

நேயர்களே, சம்பந்தமும் விருந்தும் அந்த மூன்று உடன்பிறப்புகளைக் காப்பாற்றவில்லை. யாருக்கு எது உரியது என்பதை எல்லாரும் ஒப்பும் விதியாக எழுதி வைக்காத வீட்டில், அரண்மனையாயினும் சரி, குடிசையாயினும் சரி, உறவு மட்டும் காவல் நிற்காது. பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும்போதே பெற்றோர் இதனைச் சிந்திப்பது நன்று.