பட்டுப்புழுவின் பந்தி

பீரோவில் மடித்து வைத்திருக்கிறீர்களே, கலியாணப் பட்டு! அதற்கு நூல் தந்த புழு தன் ஆயுளில் எத்தனை நாள் சாப்பிட்டிருக்கும், தெரியுமா? சுமார் 25 நாள்தான்!

சேலத்தை அடுத்த பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் அரளித் தோட்டங்களுக்கிடையே மல்பெரியும் வளர்கிறது. அந்த இலைதான் பட்டுப்புழுவுக்கு உணவு. பொரித்த குஞ்சுக்குக் கொழுந்தைப் பொடியாக நறுக்கிப் போட வேண்டும். நான்கு முறை தோலுரித்தபின் முற்றிய இலை. மொத்தத் தீனியில் ஐந்தில் நான்கு பங்கு அந்தக் கடைசிப் பருவத்தில்தான்! ஈர இலை போட்டால் நோய் காணும். பக்கத்துப் பூந்தோட்டத்தில் அடித்த மருந்து காற்றில் வந்து இலையில் படிந்தாலோ, புழுக்கள் தட்டுத் தட்டாக மடியும்.

நூலுக்கான கூடுகளை ஆவியில் அவித்துவிடுவார்கள். விதைக்கென்று ஒதுக்கிய கூட்டிலிருந்து வெளிவரும் அந்துப்பூச்சி எதையுமே உண்பதில்லை. சில நாள் வாழ்வு. அதற்குள் சுமார் 400 முட்டைகள்! அத்தனைக்கும் வேண்டிய சத்து, புழுவாயிருந்தபோது தின்ற இலைதான். அன்று வயிறு காய்ந்தால் இன்று முட்டை குறையும்.

"பெண்தானே, அப்புறம் சாப்பிடட்டும்" என்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. பட்டுப்புழுவுக்கு அந்த 'அப்புறம்' கிடையாது. நம் பெண்களுக்கு மட்டும் உண்டா, என்ன?