கிளம்ப மறுக்கும் படகு எஞ்சின்

சாலையில் நின்றுபோன மோட்டார் வண்டியைத் தள்ளிவிட நாலு பேர் வருவார்கள். கடலில் நின்றுபோன படகுக்கு அவ்வசதி இல்லை. பாக்கு விரிகுடாவில் நிலைமை இன்னும் கடுமையானது. 1974-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் வகுக்கப்பட்ட கடல் எல்லை இராமேசுவரத்திற்கு அண்மையிலேயே செல்கிறது. மேற்கிலிருந்து கச்சான் வீசும் வேளையில், எஞ்சின் ஓயாத படகு திரும்பிவிடும். ஓய்ந்த படகு எல்லையைக் கடந்துவிடும். பிறகு சிறையும் படகு பறிமுதலும் நேரக்கூடும். ஆகையால், எஞ்சின் கிளம்பாத அந்த அரைமணி நேரத்தில் செய்ய வேண்டியதைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

எஞ்சினைத் தொடுமுன் நங்கூரத்தைத் தொடுங்கள். விரிகுடாவின் ஆழம் பெரும்பாலும் பதினைந்து மீட்டருக்குட்பட்டதாகையால் நங்கூரம் தரையை எட்டும். படகு நிலைகொண்ட பின்னரே மனமும் நிலைகொள்ளும்.

ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியியலார் 1897-இல் இயக்கிக் காட்டிய இயந்திரத்தின் வழித்தோன்றலே இன்றைய படகு எஞ்சின். இதில் நெருப்புப் பொறி எழுப்பும் பிளக் கிடையாது. உருளைக்குள் காற்று பதினாறில் அல்லது இருபதில் ஒரு பங்காக நெருக்கப்படும்போது, அதன் வெப்பம் 500 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டுகிறது. அவ்வேளையில் டீசலைப் பூஞ்சாரலாகப் பீச்சினால் அது தானே பற்றிக்கொள்ளும். ஆகவே, போதிய வேகத்தில் சுழற்சி, நன்கு நெருக்கப்பட்ட காற்று, தூய எண்ணெய் ஆகிய மூன்றே இதற்குத் தேவை.

செல்பை அழுத்தியதும் ‘டக்’ என்ற ஓசை மட்டும் எழுந்தால், குறை பெரும்பாலும் பாட்டரியிலோ அதன் முனைகளிலோ இருக்கும். உப்புக் காற்று அங்கே பூத்துவிடும், சுரண்டி இறுக்குங்கள். எஞ்சின் நன்றாகச் சுழன்றும் பற்றவில்லையெனில் புகைபோக்கியைப் பாருங்கள். வெண்புகை வந்தால் எண்ணெய் சேர்கிறது, எரியவில்லை என்பது பொருள். புகையே இல்லையானால் எண்ணெய் வந்து சேரவில்லை. நிறுத்தும் நெம்புகோல் இழுத்தபடியே இருக்கிறதா, தொட்டியின் குழாய் திறந்திருக்கிறதா என்று அப்போது பார்க்க வேண்டும். இவற்றைப் பார்க்குமுன் இஞ்செக்டரைக் கழற்றத் தொடங்குவோரும் உளர்; தலைவலிக்கு மண்டையைத் திறப்பது போன்றது அது!

மிகுதியாக நேர்வது ‘ஏர் பிடித்தல்’ என்பதே. இஞ்செக்டர் திறக்க, வளிமண்டல அழுத்தத்தைப்போல் இருநூறு மடங்கு அளவில் அழுத்தம் வேண்டும். எண்ணெய் எளிதில் நெருங்காது, காற்றோ நெருங்கும். குழாயில் ஒரு குமிழி இருந்தால் பம்பின் உந்துதல் முழுவதையும் அக்குமிழியே விழுங்கிவிடும். துறையில் நன்றாக ஓடிய எஞ்சினுக்கு இந்நோய் கடலில் வருவது ஏன்? தொட்டியில் எண்ணெய் குறைந்திருக்கையில் அலையில் படகு சாய, உறிஞ்சும் குழாயின் வாய் வெளிப்பட்டுக் காற்றைக் குடித்துவிடுகிறது. குழாயில் உள்ள மயிரிழை வெடிப்பும் அவ்வாறே செய்யும். அவ்விடத்தில் எண்ணெய் வெளியே கசியாமல், காற்று உள்ளே இழுக்கப்படுவதால் அது கண்ணுக்கும் அகப்படாது.

இதற்கு மருந்து எளிது. வடிகட்டியின் தலைப்பிலுள்ள திருகைச் சற்றே தளர்த்தி, கைப்பம்பை அடியுங்கள். முதலில் நுரை வரும். நுரை நின்று எண்ணெய் ஒரே தாரையாக வந்ததும் திருகை இறுக்குங்கள். அடுத்து இஞ்செக்‌ஷன் பம்பின் திருகிலும் அவ்வாறே செய்க. இறுதியில், இஞ்செக்டர்க் குழாய்களின் நட்டுக்களை அரைச்சுற்றுத் தளர்த்திச் செல்பை அடித்து, எண்ணெய் துள்ளியதும் இறுக்குங்கள். அங்கே கையை வைக்கலாகாது; அந்த அழுத்தத்தில் பாயும் எண்ணெய் தோலைத் துளைத்துவிடும்.

நீரும் இதற்கு இளைத்ததன்று. அது டீசலினும் கனமானதாகையால் வடிகட்டிக் கிண்ணத்தின் அடியில் தங்கும். அடித்திருகைத் திறந்து, தெளிந்த எண்ணெய் வரும்வரை வடித்துவிடுக.

செல்பைப் பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அழுத்தாதீர்கள். குளிர்விக்கும் கடல்நீரைப் புகையோடு கலந்து வெளியேற்றும் எஞ்சினாயின், நெடுநேரம் சுழற்றினால் அந்நீர் திரும்பி உருளைக்குள் புகுந்துவிடும். சுழற்றும்போது கடல்நீர் வால்வை மூடி வைத்து, எஞ்சின் பற்றியவுடன் திறந்துவிட வேண்டும்.

இவ்வளவும் செய்து பயனில்லையெனில் பொழுது சாயுமுன் கடலோரக் காவற்படையை 1554 என்ற எண்ணில் அழையுங்கள். கைப்பேசி எட்டாத தொலைவாயின், வி.எச்.எப். கருவியின் 16-ஆம் அலைவரிசையில் படகின் பெயர், நிற்கும் இடம், ஆட்களின் எண்ணிக்கை ஆகியவற்றை இவ்வரிசையில் சொல்லுங்கள்.