நகரப் பேருந்துச் சொற்கள் (பல்லடம் வட்டாரம்)

நகரப் பேருந்துச் சொற்கள் என்பன நகரப் பேருந்துகளில் பயணிகளும் நடத்துநரும் ஓட்டுநரும் அன்றாடம் ஆளும் சொற்களும் குறிகளும் ஆகும். இக்கட்டுரை திருப்பூர் மாவட்டத்தில் உள்ள பல்லடம் வட்டார வழக்கை விளக்குகிறது. இச்சொற்களுள் பலவற்றை அகராதிகளில் காண இயலாது. ஆயினும் இவற்றை அறியாதவர் தவறான வண்டியில் ஏறவும், செலுத்த வேண்டாத கட்டணத்தைச் செலுத்தவும் நேரிடும்.

பெயர்கள்

பேருந்து, நடத்துநர், பணிமனை, பயணச்சீட்டு ஆகியவை அரசு ஆவணங்களிலும் செய்தித்தாள்களிலும் நிலைபெற்ற சொற்கள். பேச்சில் இவை முறையே பஸ், கண்டக்டர், டெப்போ, டிக்கெட் என்றே வழங்குகின்றன. பஸ் என்பதுவும் முழுச்சொல் அன்று. "எல்லோருக்கும்" எனப் பொருள்படும் ஓம்னிபஸ் என்னும் இலத்தீன் சொல்லின் ஈறு மட்டுமே அது. தமிழ்நாட்டில் அம்முழுச்சொல் "ஆம்னி பஸ்" என நெடுந்தொலைவு செல்லும் தனியார் சொகுசுப் பேருந்துக்குப் பெயராயிற்று. அதன் கட்டணம் எல்லோருக்கும் எட்டுவதன்று என்பது வேறு செய்தி.

கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1972இல் சேரன் போக்குவரத்துக் கழகம் அமைக்கப்பட்டது. 1997இல் போக்குவரத்துக் கழகங்களுக்குச் சூட்டப்பட்டிருந்த மன்னர், தலைவர் பெயர்களை அரசு நீக்கியது. அதன் பின்னரும் அரசுப் பேருந்தைச் "சேரன் பஸ்" என்று அழைக்கும் வழக்கம் மக்களிடையே நெடுங்காலம் நீடித்தது.

டவுன் பஸ்சும் மப்சலும்

இவ்வட்டாரப் பயணி முதலில் அறிய வேண்டிய வேறுபாடு இதுவே. எல்லா நிறுத்தங்களிலும் நின்று, குறுகிய தொலைவு ஓடுவது டவுன் பஸ். இதற்குப் பெரும்பாலும் தட எண் உண்டு. ஊர் விட்டு ஊர் செல்வது மப்சல் அல்லது மொபசல் எனப்படும். அரபு மூலமுடைய இச்சொல் பாரசீகம், இந்துஸ்தானி வழியாக ஆங்கிலேயர் ஆட்சிக்கால நிர்வாக மொழியில் புகுந்தது. தலைமை நகருக்கு வெளியே உள்ள பகுதி என்பது அதன் பொருள்.

பல்லடத்திற்கும் திருப்பூருக்கும் இடையே இருவகைப் பேருந்துகளும் ஓடுகின்றன. தமிழ்நாடு அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்யும் திட்டம் 2021 மே 8 அன்று நடைமுறைக்கு வந்தது. மப்சல் பேருந்துக்கும் தனியார் நகரப் பேருந்துக்கும் இது பொருந்தாது. எனவே பனியன் நிறுவனத்திற்கு வேலைக்குச் செல்லும் பெண் ஒருவர் வண்டியைக் கண்டதும் "இது டவுனுங்களா?" என்று கேட்பது வெறும் வழி விசாரிப்பு அன்று. அன்றைய கூலியில் ஒரு பகுதி அவ்விடையைப் பொறுத்தது.

கட்டணமில்லாப் பயணத்திற்கும் சீட்டு உண்டு. அதனைச் சிலர் "ஓசி டிக்கெட்" என்பர். இச்சொல் இழிவுக் குறிப்புடையது. 2022இல் அமைச்சர் ஒருவர் பொதுமேடையில் இதனை ஆண்டபோது மாநிலமெங்கும் சர்ச்சை எழுந்தது. பெண்களுக்கான கட்டணத்தை அரசு கழகங்களுக்கு ஈடுசெய்கிறது. அப்பணத்தில் அப்பெண்கள் செலுத்தும் வரியும் அடங்கும். ஆகவே இச்சொல் பொருளளவிலும் பிழையானதே.

நிறுத்தங்கள்

கொங்கு நாட்டு நிறுத்தப் பெயர்களில் "பிரிவு" மிகுதி. முதன்மைச் சாலையிலிருந்து ஓர் ஊருக்குக் கிளைச்சாலை பிரியும் இடத்தை அது குறிக்கும். பல்லடம் சாலையில் உள்ள வீரபாண்டி பிரிவு ஓர் எடுத்துக்காட்டு. "பிரிவு" என்றால் ஊர் அங்கேயே இருக்கிறது என்று எண்ணி இறங்கும் புதியவர் மேலும் நடக்க வேண்டியிருக்கும். நான்கு சாலைகள் கூடுமிடம் நால்ரோடு. வழிகாட்டும் மரம் நின்ற இடம் கைகாட்டி. அவிநாசி அருகே கைகாட்டிப்புதூர் என ஓர் ஊரே உண்டு.

குறிகளும் பேச்சும்

நடத்துநரின் ஒரு விசில் நிறுத்தவும், இரு விசில் புறப்படவும் ஆணையாகும். "ரைட்" என்றால் போகலாம். "ஹோல்டான்" என்றால் நிறுத்து. பின்னது ஆங்கிலத் தொடரின் தமிழ் ஒலி வடிவம் என்பதை அதனைச் சொல்வோரே பெரும்பாலும் நினைப்பதில்லை. சீட்டுக் கேட்கையில் ஊர்ப்பெயரே சீட்டாகிவிடும்: "ரெண்டு பல்லடம் குடுங்க." நடத்துநரை "அண்ணா" என்றும், இளம்பெண்களை "அம்மிணி" என்றும், சிறுவரைக் "கண்ணு" என்றும் விளிப்பது இயல்பு.

இறங்க விரும்புவோர் "ஆள் எறங்கணுமுங்க" என்று குரல் கொடுப்பர். இங்கு "நான்" என்னும் சொல் வருவதில்லை. தம்மையே "ஆள்" எனப் படர்க்கையில் கூறுகின்றனர். ஆங்காங்கில் இதற்கு நெருங்கிய வழக்கொன்று உண்டு. அங்குச் சிறுபேருந்துகளில் பயணிகள் கன்டோனீய மொழியில் "யாவ் லொக்" என்று உரக்கக் கூறுவர். "இறக்கம் உண்டு" என்பது அதன் நேர்ப்பொருள். அதிலும் "நான்" இல்லை. கேட்டதற்கு அடையாளமாக ஓட்டுநர் பலவேளை கையை உயர்த்துவார். அம்மொழியிலும் பேருந்துக்கான "பாசி", வாடகை வண்டிக்கான "திக்சி" ஆகியவை ஆங்கிலத்திலிருந்து பெற்ற ஒலிபெயர்ப்புகளே. ஆங்காங்கின் அமிழ் தண்டூர்திக்கு மக்கள் இட்ட பெயரோ "டிங் டிங்". அதன் மணியோசையிலிருந்து தோன்றியது.

எழுத்து அறியாதோர்

பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து வந்து இப்பகுதி ஆலைகளில் பணிபுரிவோர் பலர் தமிழ்ப் பலகையைப் படிக்க இயலாதவர்கள். அவர்களுக்குத் தட எண்ணும், பேருந்து நிலையத்தில் நடத்துநர் "பல்லடம், பல்லடம், பல்லடம்" என மும்முறை அடுக்கிக் கூவும் குரலுமே வழிகாட்டி. தமிழ் எழுதப் படிக்க வாய்ப்புப் பெறாத உள்ளூர் முதியோரும் நெடுங்காலமாக இவ்வாறே பயணம் செய்து வந்துள்ளனர்.