அல்வா கிண்டிய கரண்டிக்கு இங்கிலீஷ்ல என்ன?

மக்களே, இன்டர்வியூவில் நல்லாத்தான் ஆரம்பிப்பீங்க. கொஞ்சம் நீளமா ஒரு வாக்கியம் சொல்லப் போனா, நடுவுல 'ஹூ'வா 'விச்'சான்னு நாக்கு சிக்கிக்கும். அப்புறம் 'யெஸ் சார், நோ சார்'தான். 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு'ன்னு பேர் எடுத்த பாளையங்கோட்டையில படிச்சுட்டு இப்படியான்னு நொந்துக்காதீங்க. சிக்கல் உங்க மூளையில இல்ல. ரெண்டு மொழியும் வேற வேற மாதிரி கட்டப்பட்டிருக்கு, அதான்.

நெல்லை டவுன் அல்வாவையே எடுத்துக்குவோம். கிண்டிய மாஸ்டர், கிண்டிய அல்வா, கிண்டிய கரண்டி, கிண்டிய கடை, கிண்டிய நேரம். அஞ்சுக்கும் ஒரே 'கிண்டிய'. ஸ்கூல்ல படிச்ச பெயரெச்சம்தான்! இங்கிலீஷோ மாஸ்டருக்கு 'ஹூ', அல்வாவுக்கு 'தட்', கரண்டிக்கு 'வித் விச்', கடைக்கு 'வேர்', நேரத்துக்கு 'வென்' கேட்கும். போதாக்குறைக்கு, பெயரை முன்னால நிறுத்தி விளக்கத்தைப் பின்னால தள்ளிடும்.

இதைக் கவனிச்சு எழுதினவர் நம்ம பக்கத்துல வாழ்ந்த கால்டுவெல். 1841-ல் இடையன்குடிக்கு வந்தவர். இங்கிலீஷ்ல 'ஹூ', 'விச்' செய்யுற வேலையை இங்கே பெயரெச்சம் செய்யுதுன்னு 1856-ல் வெளியான தன் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்துல காட்டினார்.

அரபு பேசுற மாணவர்களுக்கும் இதே இடத்துல பிரச்னைதான், ஆனா தலைகீழா! 'நான் அல்வா வாங்கிய கடை'ன்னு சொல்ல, அவங்க மொழியில கடைசியா 'அதிலிருந்து'ன்னு ஒண்ணு வரும். அந்தப் பழக்கத்துல 'தி ஷாப் தட் ஐ பாட் அல்வா ஃப்ரம் இட்'னு ஒரு 'இட்'டைக் கூட்டிடுவாங்க. நாம 'தி ஷாப் விச் ஐ பாட் அல்வா'ன்னு 'ஃப்ரம்'மையே முழுங்கிடுவோம். ரெண்டு தப்புக்கும் காரணம் தாய்மொழிப் பழக்கம்தான்.

மருந்தும் தமிழ்லயே இருக்கு. பெயரெச்சம் கொள்ளும் பெயர்களை நன்னூல் ஆறாப் பிரிக்குது. 'செயல்' ஒண்ணை விட்டுட்டு மீதி அஞ்சைப் பிடிச்சுக்குங்க. வாயைத் திறக்கும் முன்னாடி கேளுங்க: இது செய்பவனா, செய்பொருளா, கருவியா, நிலமா, காலமா? பதில் கிடைச்சதும் சொல் தானா வந்துடும்.

சாயங்காலம் சுலோசனா முதலியார் பாலத்துல பஸ் போகும்போது தாமிரபரணியைப் பாருங்க. குளிச்ச பையன், குளிச்ச ஆறு, குளிச்ச சோப்பு. மூணையும் இங்கிலீஷ்ல சத்தமா சொல்லுங்க. பக்கத்து சீட் நண்பன் சிரிச்சா, 'சோப்பை நீ சொல்லுலே'ன்னு அவன்கிட்டயே விட்டுடுங்க!