வலிகாமத்துக் கோயிற்பற்றுக்களும் தோம்பேடுகளும்

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை செல்லும் வீதியில், கோப்பாய்க்கும் புத்தூருக்கும் இடையே நீர்வேலி அமைந்துள்ளது. 1672இல் வெளிவந்த போல்டேயஸ் பாதிரியாரின் நூல் வலிகாமத்தில் 14 தேவாலயங்களைக் கூறுகின்றது. அவற்றுள் கோப்பாயும் புத்தூரும் உள, நீர்வேலி இல்லை. எனவே, இவ்வூரவர் அயற் கோயிற்பற்றொன்றுக்கு உட்பட்டிருந்தனர் என்றே நாம் கொள்ளவேண்டியுள்ளது.

அவ்வாறு உட்பட்டிருத்தல் யாது பொருள்படும்? 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் முருகைக்கல்லால் எழுப்பிய தேவாலயங்களை 1658இல் ஒல்லாந்தர் தமதாக்கினர். அவற்றையே பாடசாலைகளாகவும் பயன்படுத்தினர். பிள்ளைகளை அனுப்பாத பெற்றோருக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. ஞானஸ்நானமும் விவாகமும் பள்ளித்தோம்பிற் பதியப்பட்டன. பதிவில்லா விவாகத்திற் பிறந்தோரின் முதுசவுரிமை கேள்விக்குள்ளாயிற்று; உத்தியோகத்துக்கோ ஞானஸ்நானம் இன்றியமையாததாயிற்று. காணியை நம்பி வாழ்ந்த குடியானவனுக்குத் தேவாலயம் வழிபாட்டிடம் என்பதினும் கச்சேரி என்பதே பொருந்தும். மதமாற்றத்தை ஆன்மிக வெற்றியாகவோ வெறும் துரோகமாகவோ காணும் இருசாராரும் இதனைப் போதிய அளவு கருதினாரல்லர்.

இதற்கு மாறான சான்றும் உண்டு. ஒல்லாந்தர் தடைசெய்த கத்தோலிக்கம், கட்டடமோ சலுகையோ இன்றி மறைவில் வாழ்ந்தது. 1687இல் யாழ்ப்பாணம் வந்த யோசப் வாஸ் அடிகளார் வீடுகளில் இரவிலேயே பூசை செய்ய நேர்ந்தது. 1795இல் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் கட்டாயம் தளர, ஒல்லாந்தச் சபையோ விரைவில் கலைந்தது. 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமாருக்குத் தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை முதலிய இடங்களிற் கிடைத்தவை பாழடைந்த கட்டடங்களே. சபையை அவர்கள் புதிதாகவே உருவாக்க வேண்டியிருந்தது. அதற்குக் கருவியாயிற்று கல்வி. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தோன்றியது.

இப்புதிய முயற்சிக்கு எதிராகவே நீர்வேலிச் சிவசங்கர பண்டிதர் கண்டன நூல்கள் எழுதினார். ஒல்லாந்தர் காலத்திற் பள்ளித்தோம்பு கேட்டது பெயரை மட்டுமே. பத்தொன்பதாம் நூற்றாண்டிலோ வாதத்துக்கு வாதம் தேவைப்பட்டது.

சங்கானையில் அக்காலத் தேவாலயமொன்றின் முருகைக்கற் சுவர்கள் கூரையின்றி எஞ்சியுள்ளன. ஒல்லாந்தர் 1706இல் யாழ்ப்பாணக் கோட்டையினுள் சிலுவை வடிவில் அமைத்த பெருந்தேவாலயம் 1990ஆம் ஆண்டுப் போரில் அழிந்தது.