கோணான்குப்பம் பெரியநாயகி அன்னை
18ஆம் நூற்றாண்டு, கடலூர் மாவட்டம், விருத்தாசலம் அருகில்

நாசரேத்தூர்ப் பெண் மரியாள். தச்சர் சூசையின் துணைவி. பெத்லகேமில் இயேசுவைப் பெற்றவர். ஏரோது அரசனுக்குத் தப்பி, கைக்குழந்தையோடு எகிப்துக்கு ஓடினார். மகன் சிலுவையில் உயிர்விட்டபோது அதன் அடியிலேயே நின்றார். 431இல் எபேசுவில் கூடிய திருச்சங்கம் அவரை ‘இறைவனின் தாய்’ என்று அறிவித்தது.

அந்தத் தாயைப் பெரியநாயகி என்னும் தமிழ்ப் பெண்ணாக இங்கே கண்டவர் வீரமாமுனிவர் (1680–1747). இத்தாலியில் பிறந்த இந்த இயேசு சபைத் துறவி 1710இல் இந்தியா வந்து, தமிழ் கற்றுத் தமிழ்ப் புலவரானார்.

முனிவர் கொண்டுவந்த மாதா சுரூபம் இங்கே காட்டில் தொலைந்தது. பிள்ளையில்லாத முகாசபரூர்க் கச்சிராயர் அதைக் கண்டெடுத்துக் குடிசைக் கோயில் கட்டினார். அதன்பின் அவருக்குப் பிள்ளை பிறந்தது. இது ஊர் வழக்கு. புடவை உடுத்தி, குழந்தை இயேசுவை ஏந்திய பெரியநாயகி சுரூபம் முனிவரின் விருப்பப்படி மணிலாவில் செய்யப்பட்டது என்பதும் மரபு.

சூசையைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்ட முனிவரின் ‘தேம்பாவணி’ காப்பியம் 3 காண்டங்கள், 36 படலங்கள், 3,615 பாடல்கள் கொண்டது. ஆகிர்தா மரியாள் என்ற ஸ்பானியத் துறவி எழுதிய மரியாளின் வரலாறு அதற்கு ஓர் ஊற்று.

புதுவை–கடலூர் உயர் மறைமாவட்டத்தைச் சேர்ந்த இத்திருத்தலத்தில் ஆண்டுப் பெருவிழா ஜனவரியில் நடைபெறுகிறது. கொடியேற்றம், நவநாள் செபம், தேர்பவனி எல்லாவற்றிலும் பிற சமயத்தாரும் கலந்துகொள்கிறார்கள். பிள்ளை வரம் வேண்டி வருவோருக்கும் நேர்த்திக்கடன் செலுத்த வருவோருக்கும் இது தாய்வீடு.