மீன் உண்டவர்களின் எலும்பும் ஐந்நூறு ஆண்டுப் பிழையும்

செர்பியாவுக்கும் ருமேனியாவுக்கும் இடையே மலைகளை அறுத்துக்கொண்டு டான்யூப் ஆறு பாயும் ‘இரும்பு வாயில்கள்’ பள்ளத்தாக்கில், ஆற்றின் வலக்கரையில், லெபென்ஸ்கி வீர் என்னும் தொல்லியல் களம் அமைந்துள்ளது. ஆற்றின் குறுக்கே எழுந்துவந்த அணையின் நீர் அப்பகுதியை மூழ்கடிக்குமுன் 1965 முதல் 1970 வரை திராகோஸ்லாவ் ஸ்ரெயோவிச் தலைமையில் நடைபெற்ற அகழாய்வில், ஐரோப்பிய வரலாற்றுக்கு முந்தைய காலத்தில் இணை காண்பதற்கரிய குடியிருப்பு ஒன்று வெளிப்பட்டது. முன்புறம் அகன்றும் பின்புறம் குறுகியும் சரிவகம்போல் அமைந்த வீடுகள், சுண்ணாம்பு கலந்து கெட்டிப்படுத்திய செந்நிறத் தரைகள், நடுவே கற்களால் எல்லை கட்டிய அடுப்புகள், மனித முகமும் மீன் வாயும் கலந்த தோற்றத்தில் செதுக்கப்பட்ட ஆற்றுப்பாறைகள், தரைக்கடியில் புதைக்கப்பட்ட பச்சிளங்குழந்தைகளின் எலும்புகள் என அங்கே கிடைத்தவை யாவும், ஆற்றையே நம்பி வாழ்ந்த மக்களின் உலகைக் காட்டின. அணைநீர் ஏறுமுன் அவ்வீடுகளின் எச்சங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு மேட்டுப்பகுதியில் மீண்டும் அமைக்கப்பட்டன.

இந்த மக்கள் எக்காலத்தவர் என்ற கேள்வி அவர்கள் யார் என்ற கேள்வியோடு பிரிக்க முடியாதபடி பிணைந்திருந்தது. பயிர்த்தொழிலும் கால்நடை வளர்ப்பும் அறிந்த புதிய கற்கால மக்கள், அனத்தோலியாவிலிருந்து கிளம்பி, கிமு 6200-ஐ ஒட்டிய காலத்தில் மத்திய பால்கன் பகுதியை அடைந்தனர். லெபென்ஸ்கி வீரின் வீடுகளும் சிற்பங்களும் அதற்கு முற்பட்டவை எனில், அவை வேட்டையும் மீன்பிடிப்பும் தொழிலாகக் கொண்ட இடைக்கற்கால மக்கள் எவர் துணையுமின்றித் தாமே படைத்தவை. அதே காலத்தவை எனில், இருவேறு வாழ்க்கைமுறைகள் எதிரெதிரே சந்தித்தபோது பிறந்தவை. ஸ்ரெயோவிச் முதற்கருத்தையே கொண்டிருந்தார். சரிவக வீடுகளில் காணப்பட்ட மட்பாண்டத் துண்டுகள் மேலடுக்கிலிருந்து கீழிறங்கியவை என்று அவர் கருதினார். ஆயினும் 54 என எண்ணிடப்பட்ட வீட்டில் இருந்த மட்பாண்டம் அவ்வீட்டுக்கே உரியது என்று மிலுத்தின் கரஷானினும் இவானா ரதோவனோவிச்சும் 2001-இல் எடுத்துக்காட்டினர். சில நூற்றாண்டுகளின் ஏற்ற இறக்கமே முழு விளக்கத்தையும் மாற்றிவிடும் இத்தகைய இடத்தில், கதிரியக்கக் கார்பன் காலக்கணிப்பின் மீது விழும் பொறுப்பு மிகப் பெரிது.

இம்முறையை 1940-களின் இறுதியில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய வில்லார்டு லிபி, அதற்காக 1960-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தின் மேற்பகுதியில் நியூட்ரான்களை உண்டாக்க, அவை நைட்ரஜன் அணுக்களோடு மோதும்போது கார்பன்-14 என்னும் நிலையற்ற கார்பன் வகை உருவாகிறது. அது கரியமில வாயுவாகி, ஒளிச்சேர்க்கையின் வழியே தாவரங்களிலும், அவற்றை உண்ணும் விலங்குகளிலும், இரண்டையும் உண்ணும் மனிதரிலும் சேர்கிறது; உயிருள்ளவரை இந்த வரவு ஓயாமல் நிகழ்வதால், உடலிலுள்ள கார்பன்-14-இன் விகிதம் காற்றிலுள்ள விகிதத்தை ஒட்டியே நிற்கும். இறந்தபின் வரவு நின்றுவிட, இருப்பு மட்டும் சிதைந்து குறைந்துகொண்டே போகும். அதில் பாதி அழிய ஏறத்தாழ 5,730 ஆண்டுகள் ஆகும் என்பதால், எட்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய எலும்பில் தொடக்க அளவில் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாகவே மிஞ்சியிருக்கும். எஞ்சியதை அளந்து, இறந்து எவ்வளவு காலமாயிற்று என்று கணக்கிடுவதே இம்முறையின் சாரம். ஏறத்தாழ ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு அப்பால் எஞ்சுவது மிகச் சொற்பமாகிவிடுவதால் அதுவே இம்முறையின் எல்லை.

இவ்வாறு கிடைக்கும் எண் அப்படியே நாட்காட்டி ஆண்டாகிவிடாது. காற்றிலுள்ள கார்பன்-14-இன் அளவு எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை. ஆகவே ஆண்டுக்கொன்றாக எண்ணத்தக்க மர வளையங்களை அளந்து உருவாக்கிய திருத்த வளைகோட்டோடு அந்த எண்ணை ஒப்பிட வேண்டும். எடுத்துக்காட்டாக, 1950-ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொண்டு பின்னோக்கி எண்ணும் மரபின்படி, ஆய்வகம் 7,000 கார்பன் ஆண்டுகள் என்று தரும் பொருளின் மெய்யான வயது ஏறத்தாழ 7,800 ஆண்டுகள். இத்திருத்தம் உலகெங்கும் செய்யப்படுவது. லெபென்ஸ்கி வீரில் எழுந்த சிக்கலோ இதனால் தீரக்கூடியதன்று.

அங்கே புதைக்கப்பட்டிருந்த மனித எலும்புகளை அளந்தபோது, அவற்றுள் பல, அதே சூழலில் கிடைத்த அடுப்புக்கரியையும் மரக்கரியையும் விடப் பழையனவாகத் தோன்றின. பொதுவாகக் கரியே காலத்தை முன்தள்ளிக் காட்டும் இயல்புடையது. நெடுங்காலம் வாழ்ந்த மரத்தின் உட்பகுதி, அம்மரம் வெட்டப்படுவதற்கு நூற்றாண்டுகள் முன்பே வளர்ச்சி நின்றதாக இருக்கக்கூடும். இங்கோ நிலைமை தலைகீழாக இருந்தது.

காரணம் ஆற்றுநீரில் இருந்தது. சுண்ணாம்புக்கல் பல கோடி ஆண்டுப் பழைமை உடையதாதலால் அதிலுள்ள கார்பனில் கார்பன்-14 சிறிதும் எஞ்சியிருப்பதில்லை. அப்பாறைகளைக் கரைத்து வரும் நீரில் வளரும் பாசிகளும் நீர்த்தாவரங்களும் அந்த ‘இறந்த’ கார்பனையும் எடுத்துக்கொள்ள, அது மீன்களுக்கும், மீன்களை நாள்தோறும் உண்ட மனிதருக்கும் வந்துசேர்கிறது. அதனால் அம்மனிதர்கள் உயிரோடிருந்தபோதே அவர்களது எலும்பில் கார்பன்-14 குறைவாக இருந்தது. ஆறு விழுக்காடு குறைந்திருந்தாலே போதும், கணக்கில் ஐந்நூறு ஆண்டுகள் கூடிவிடும். இது நன்னீர்த் தேக்க விளைவு எனப்படுகிறது. கடைத்தராசில் பொருள் வைக்குமுன்பே தட்டு தாழ்ந்திருந்தால் எவ்வளவு கவனமாக நிறுத்தாலும் எடை தவறுவது போன்றது இது. ஆய்வகத்தின் நுட்பம் எவ்வளவு உயர்ந்தாலும் இப்பிழை குறையாது.

இதை ஐயத்திற்கிடமின்றி நிறுவியது, பள்ளத்தாக்குக்குச் சற்றுக் கீழே ருமேனியக் கரையிலுள்ள ஸ்கேலா க்ளாடோவெய் என்னும் களம். அங்கிருந்த சில கல்லறைகளில் மனித எலும்புக்கூடுகளோடு, நிலவாழ் குளம்பு விலங்குகளின் எலும்பில் செய்த கருவிகளும் நேரடியாகச் சேர்ந்து கிடைத்தன. ஒரே புதைகுழியில் உள்ள இரண்டும் ஏறத்தாழ ஒரே வயதையே காட்டியிருக்க வேண்டும். ஆனால் கார்டன் குக், க்ளைவ் பான்சால் முதலியோர் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், மனித எலும்பு விலங்கெலும்பைவிட 300 முதல் 500 ஆண்டுகள் மூத்ததாகத் தோன்றியது. புல் மேய்ந்த விலங்கு காற்றின் கார்பனை உண்டது; மனிதர் ஆற்றின் கார்பனை உண்டனர். எளிமையும் உறுதியும் ஒருங்கே அமைந்த இத்தகைய சோதனை தொல்லியலில் அரிதாகவே வாய்க்கும்.

பிழையைக் கண்டது ஒரு பாதி. ஒவ்வோர் எலும்பிலும் அது எவ்வளவு என்று அறிவது மறுபாதி. எல்லாரும் ஒரே அளவு மீன் உண்டிருக்க மாட்டார்கள் என்பதால் எல்லா எலும்புக்கும் பொதுவாக 500 ஆண்டுகளைக் கழித்துவிட இயலாது. இதற்கு நைட்ரஜன்-15 என்னும், சிதையாத, சற்றே கனமான நைட்ரஜன் வகை உதவியது. உண்ணப்படும் உயிரிலிருந்து உண்ணும் உயிருக்குச் செல்லும் ஒவ்வொரு படியிலும் அதன் விகிதம் உயர்கிறது; நீர்நிலைகளில் இப்படிகள் மிகுதியாதலால், ஆற்றுமீனை உண்டவரின் எலும்பிலுள்ள கொலாஜன் என்னும் புரதத்தில் அது மிகுந்து நிற்கும். அவ்விகிதத்திலிருந்து உணவில் மீனின் பங்கைக் கணித்து, அதற்கேற்ப வயதைத் திருத்தியபோது, லெபென்ஸ்கி வீரின் மனித எலும்புகள் 7,310 முதல் 6,720 வரையிலான கார்பன் ஆண்டுகளுக்குள் வந்தன. கரி காட்டியிருந்த 7,360 முதல் 6,560 வரையிலான எல்லையோடு அவை பொருந்தின.

அதே அளவீடு மற்றொன்றையும் தெரிவித்தது. ஏறத்தாழ கிமு 6000-ஐ ஒட்டி, பெரும்பாலும் மீனையே நம்பியிருந்த உணவுமுறை, நிலத்தின் விளைவும் ஆற்றின் விளைவும் கலந்ததாக மாறியிருந்தது. பிழையைத் திருத்தப் புகுந்த அளவீடே, உழவர் வாழ்க்கை ஆற்றங்கரையை எட்டிய காலத்தையும் எலும்பிலிருந்து படிக்க வைத்தது. இவ்வாய்வின் மிகச் சிறந்த பயன் இதுவே எனலாம்.

பின்னர் துஷான் போரிச்சும் வெஸ்னா திமித்ரியேவிச்சும் இப்பிழைக்கு இடந்தராத விலங்கெலும்புகளைத் தேர்ந்து அளந்து, சரிவக வீடுகள் ஏறத்தாழ கிமு 6200-க்கும் 5900-க்கும் இடைப்பட்டவை என்று காட்டினர். முதல் உழவர்கள் அப்பகுதியில் பரவிய அதே நூற்றாண்டுகள் அவை. புதைக்கப்பட்டோர் சிலரின் பல்லிலுள்ள ஸ்ட்ரான்ஷியம் என்னும் தனிமத்தின் விகிதம், அவர்கள், குறிப்பாகப் பெண்கள் சிலர், வேறிடங்களில் வளர்ந்து இங்கு வந்தவர்கள் என்பதைச் சுட்டியது. பின்னர் வந்த மரபணு ஆய்வு, அனத்தோலிய உழவர் வழியினர் இக்களத்திலேயே புதைக்கப்பட்டிருந்ததை உறுதிசெய்தது. மீன்முகச் சிற்பங்களைச் செதுக்கியவர்களும் உழவர்களும் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர்.

இதன்பின், ஆற்றங்கரையிலும் ஏரிக்கரையிலும் கடலோரத்திலும் வாழ்ந்தோரின் எலும்புக்கு வயது காணும்போது நைட்ரஜன் அளவையும் உடன் எடுக்க வேண்டும் என்ற கோரிக்கை வலுப்பெற்றது. ஆயினும் திருத்தமும் ஒரு மதிப்பீடே ஆதலால், திருத்திய வயதின் பிழை எல்லை திருத்தாத வயதின் எல்லையைவிடச் சற்று விரிந்தே இருக்கும்; மனித எலும்பின் அருகில் மானெலும்போ வேறு நிலவிலங்கின் எலும்போ கிடைத்தால் அதையும் சேர்த்து அளப்பதே இன்றும் ஆய்வாளர் பெரிதும் விரும்பும் வழி.